ஓட்டாமலேயே பொத்திப் பாதுகாத்த கேடிலாக்... விலை மட்டும் ஏன் ஏறவில்லை? 'கடைசி கன்வெர்ட்டிபிள்' விற்பனைக்கு வந்த கதை

அமெரிக்காவில் பழைய கார் விற்பனை விளம்பரங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு கார் அடிக்கடி கண்ணில் படும். 1976ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் எல்டொராடோ. கூரையை மடித்துவிட்டு ஓட்டக்கூடிய கன்வெர்ட்டிபிள். பெயின்ட் பளபளவென்று இருக்கும். தோல் சீட்டில் சுருக்கம் இருக்காது. ஓடோமீட்டரைப் பார்த்தால் சில ஆயிரம் மைல்கள்தான்; சில கார்களில் சில நூறு மைல்கூட தாண்டியிருக்காது. ஷோரூமில் ஒட்டிய விலைச் சீட்டைக்கூட உரிமையாளர் பத்திரமாக வைத்திருப்பார்.

அரை நூற்றாண்டு பழைய சொகுசு கார், அதுவும் இவ்வளவு சுத்தமாக இருந்தால் விலை எங்கேயோ போயிருக்கணும் இல்லையா? போகவில்லை. பணவீக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், அன்று ஷோரூமில் கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்கவே இந்தக் கார்களில் பெரும்பாலானவை திணறுகின்றன. அதே கேடிலாக் கம்பெனி 1950களில் செய்த கார்கள் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி விற்கும்போது, இதற்கு மட்டும் என்ன ஆச்சு?

கன்வெர்ட்டிபிள் ஏன் காணாமல் போச்சு?

1960களின் நடுவில் அமெரிக்காவில் கன்வெர்ட்டிபிள் மோகம் உச்சத்தில் இருந்தது. 1965ல் மட்டும் சுமார் 5 லட்சம் வண்டிகள் விற்றன. பத்தே வருடத்தில் கதை தலைகீழானது.

முதல் காரணம் ஏசி. காரில் ஏசி சாதாரணமாகிவிட்ட பிறகு, வெயிலில் கூரையைத் திறந்துவைத்து ஓட்ட வேண்டிய தேவை குறைந்தது. இரண்டாவது, மாநிலங்களை இணைக்கும் அதிவேக நெடுஞ்சாலைகள். அந்த வேகத்தில் கூரை இல்லாத காரில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. துணிக் கூரையைக் கத்தியால் கிழித்துத் திருடுவது வேறு சுலபம். மழையில் ஒழுகும், வெயிலில் நைந்துபோகும்.

இதெல்லாம் போதாதென்று பாதுகாப்பு விதிகள் பற்றிய பயமும் வந்தது. கார் உருண்டால் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் அளவுக்கு மேல்பகுதி வலுவாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி கொண்டுவரப் போகிறது, துணிக் கூரைக் கார்கள் அதில் தேறாது என்று கார் கம்பெனிகள் நம்பின. கன்வெர்ட்டிபிளை ஒழித்துக்கட்டும் அளவுக்கான விதி கடைசிவரை வரவே இல்லை. ஆனால் வரும் என்று நினைத்தே ஒவ்வொரு கம்பெனியாக வெளியேறியது. கிரைஸ்லர் 1971லேயே நிறுத்தியது. ஃபோர்டு 1973ல். ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரோலெட், பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக் பிராண்டுகள் 1975ல் மூட்டை கட்டின. 1976ல் களத்தில் மிஞ்சியது கேடிலாக் எல்டொராடோ ஒன்றுதான்.

1976: 'இதுதான் கடைசி'

கேடிலாக் இதை மறைக்கவில்லை. அமெரிக்காவில் தயாராகும் கடைசி கன்வெர்ட்டிபிள் இதுதான் என்று வெளிப்படையாகவே சொல்லி விற்றது. பலன் உடனே தெரிந்தது. 1975ல் 8,950 எல்டொராடோ கன்வெர்ட்டிபிள்கள் தயாராகியிருந்தன. 1976ல் 14,000. செத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு கார் வகைக்கு, அதன் கடைசி வருடத்தில் உற்பத்தி ஒன்றரை மடங்கு!

அன்றைய அடிப்படை விலை 11,049 டாலர். இன்றைய மதிப்பில் 60,000 டாலருக்கு மேல், அதாவது நம்ம ஊர் பணத்தில் 50 லட்சம் ரூபாயைத் தாண்டும். வாங்கியவர்களுக்குக் கிடைத்தது சாதாரண கார் இல்லை. நீளம் 18 அடிக்கு மேல். எடை 2.3 டன். 8.2 லிட்டர் கொள்ளளவு கொண்ட வி8 எஞ்சின், அதுவும் முன் சக்கரங்களை இயக்குவது. இவ்வளவு பெரிய எஞ்சின் தந்த சக்தி எவ்வளவு தெரியுமா? வெறும் 190 குதிரைத்திறன். புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக எஞ்சினின் மூச்சை அடக்கிவைத்திருந்த காலம் அது. எரிபொருள் மட்டும் லிட்டருக்கு நாலு, நாலரை கிலோமீட்டர் என்று குடிக்கும். 1973ன் எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் பங்க் வரிசையில் நின்ற ஊரில், மூன்றே வருடம் கழித்து இதை வரிசையில் நின்று வாங்கினார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

1976 ஏப்ரல் 21ஆம் தேதி, டெட்ராய்ட் நகரின் கிளார்க் ஸ்ட்ரீட் தொழிற்சாலையில் இருந்து கடைசி வண்டி வெளியே வந்தது. அமெரிக்கா சுதந்திரம் அறிவித்து 200 ஆண்டுகள் நிறைந்த வருடம் அது. அதையொட்டி கடைசி 200 கார்கள் அச்சு மாறாமல் ஒரே மாதிரி செய்யப்பட்டன. வெள்ளை உடல், வெள்ளைக் கூரை, வெள்ளைத் தோல் சீட், பானெட்டில் சிவப்பு-நீலக் கோடுகள், கீழே சிவப்பு கார்பெட். கூடவே டாஷ்போர்டில் ஒரு தகடு. வரிசையில் கடைசியாக வந்த காரை கம்பெனியே வைத்துக்கொண்டது.

கார் வாங்கினாங்க... ஓட்டல!

இங்கேதான் விஷயம் திசை மாறுகிறது. வாங்கியவர்களில் கணிசமானோர் இதைக் காராகப் பார்க்கவில்லை, தங்கக்கட்டியாகப் பார்த்தார்கள். 'கடைசி' என்ற வார்த்தைக்கு அவ்வளவு பலம். டீலர்கள் ஸ்டிக்கர் விலைக்கு மேலே கேட்டார்கள். வாங்கிய கையோடு பல ஆயிரம் டாலர் கூட்டி செய்தித்தாளில் விற்பனை விளம்பரம் கொடுத்தவர்களும் உண்டு. மற்றவர்கள் காரேஜில் நிறுத்தி, மேலே துணி போர்த்தி, சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். பிள்ளைகள் காலேஜ் போகும்போது விற்கலாம், ரிட்டயர் ஆனதும் விற்கலாம் என்பது கணக்கு.

இன்று விளம்பரத்தில் பார்க்கும் சில நூறு மைல் ஓடிய கார்கள் எல்லாம் இப்படி வந்தவைதான். தற்செயலாகத் தப்பியவை இல்லை. முதல் நாளிலிருந்தே விற்பதற்காகக் காத்திருந்தவை.

1982ல் விழுந்த இடி

1980 வாக்கில் திவாலாகும் நிலையில் இருந்தது கிரைஸ்லர். அரசு உத்தரவாதத்தில் கடன் வாங்கிக் கம்பெனியை நிமிர்த்திக்கொண்டிருந்தார் அதன் தலைவர் லீ அயகோக்கா. ஷோரூமுக்கு ஆட்களை இழுக்க அவருக்கு ஏதாவது ஒரு கவர்ச்சி தேவைப்பட்டது. 1982 மாடலாக லெபேரன் கன்வெர்ட்டிபிளை இறக்கினார். தடுக்க எந்த விதியும் இல்லை. வாங்க ஆட்கள் இருந்தார்கள். பியூக் தன் ரிவியெராவில் கூரையைத் திறந்தது. 1983ல் ஃபோர்டு மஸ்டாங் கன்வெர்ட்டிபிளும் திரும்ப வந்தது.

1984ல் கேடிலாக்கே இறங்கியது. பெயரும் அதே எல்டொராடோ! விலை 31,000 டாலருக்கு மேல்.

எட்டு வருடமாக காரேஜில் 'கடைசி கன்வெர்ட்டிபிளை' பூட்டி வைத்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? சிலர் ஒன்றுசேர்ந்து ஜெனரல் மோட்டார்ஸ் மீது வழக்கே போட்டார்கள். கடைசி என்று சொல்லி எங்களிடம் விற்றுவிட்டு, இப்போது மறுபடியும் செய்கிறீர்களே, இது ஏமாற்று இல்லையா என்பது அவர்கள் வாதம். வழக்கு எடுபடவில்லை. கோபம் நியாயமானதுதான். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகணும். 1976ல் கன்வெர்ட்டிபிளுக்கு எதிர்காலம் இல்லை என்று கேடிலாக் மட்டும் நினைக்கவில்லை, ஒட்டுமொத்த அமெரிக்க கார் துறையும் அப்படித்தான் நினைத்தது. வாங்கியவர்களும் அந்த நினைப்பை வைத்துத்தான் பணம் போட்டார்கள். மறுபடி தயாரிக்க மாட்டோம் என்று யாரும் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கவில்லை.

அப்போ இதுதான் காரணமா?

பாதி காரணம். 1984ல் வந்த எல்டொராடோ வேறு வண்டி. அளவில் சிறியது, எஞ்சின் பாதி. பழைய பிரம்மாண்டம் வேண்டும் என்பவர் அதை வாங்கித் திருப்திப்பட மாட்டார். அப்படியென்றால் 1976 காரின் மதிப்பு கொஞ்ச வருடத்தில் மீண்டிருக்க வேண்டும்.

மீளாததற்குப் பெரிய காரணம் எண்ணிக்கை. பழைய காரின் விலையைத் தீர்மானிப்பது அன்று எத்தனை செய்தார்கள் என்பது மட்டும் இல்லை, இன்று எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதும்தான். 1953ல் வந்த முதல் எல்டொராடோவை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே 532 கார்கள். விலை 7,750 டாலர், அன்றைக்கு அது கேடிலாக்கின் மற்ற மாடல்களைவிட மிக அதிகம். அதிபர் ஐசன்ஹோவர் தன் பதவியேற்பு ஊர்வலத்தில் சென்றது அப்படி ஒரு காரில்தான். 1959ன் எல்டொராடோ பியாரிட்ஸ், அந்த ராக்கெட் வால் வைத்த கார், 1,320தான். இவற்றை யாரும் முதலீடாக வாங்கவில்லை. ஓட்டினார்கள், இடித்தார்கள், துருப்பிடிக்க விட்டார்கள், கடைசியில் காயலான் கடைக்கு அனுப்பினார்கள். தப்பியவை கொஞ்சம். அவற்றில் சேதமில்லாமல் தப்பியவை அதைவிடக் கொஞ்சம். லட்சம் டாலர் போவது அதனால்தான்.

1976 எல்டொராடோவில் நடந்தது நேரெதிர். 14,000 கார்கள், அதில் ஏராளமானவற்றை முதல் நாளிலிருந்தே பொத்திப் பொத்திப் பாதுகாத்தார்கள். என் காரேஜில் ஒன்று இருப்பது அபூர்வம் என்று நினைத்த ஒவ்வொருவருக்கும், நாடு முழுக்க இதே நினைப்போடு இன்னும் எத்தனையோ பேர் இருப்பது தெரியவில்லை. ஒருவர் விற்க வரும்போது பக்கத்து ஊரிலேயே அதே மாதிரி இன்னொன்று விற்பனைக்கு நிற்கும். வாங்குபவருக்கு அவசரமே கிடையாது. அவர் பேரம் பேசுவார்.

வெறும் பணக் கணக்காகப் பார்த்தால் இன்னும் வலிக்கும். அந்தக் கடைசி கார் வெளியே வந்த ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு 1,000 புள்ளிகளை ஒட்டி இருந்தது. 2024 மே மாதம் அது 40,000ஐத் தாண்டியது. கிட்டத்தட்ட 40 மடங்கு. 11,049 டாலரைக் காரில் போடாமல் அந்தக் குறியீட்டில் போட்டிருந்தால், டிவிடெண்ட் சேர்க்காமலே நாலு லட்சம் டாலருக்கு மேல் ஆகியிருக்கும். காரேஜ் வாடகை, இன்சூரன்ஸ், பேட்டரி மாற்றிய செலவு எல்லாம் தனி. பங்குக்குத் துணி போர்த்த வேண்டியதில்லையே.

சரி, இப்போ ஒன்று விற்பனைக்கு வந்தால் என்ன பார்க்கணும்?

நல்ல நிலையில் இருக்கும் பழைய கார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று தோன்றும். உண்மையில், ஓடாமலே நின்ற கார்தான் ஆபத்து. ஓடும் காரில் எண்ணெய் சுற்றும், ரப்பர் இளகும், ஈரம் காயும். நிற்கும் காரில் இது எதுவுமே நடக்காது. டேங்கில் விட்ட பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைக்கும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி உள்ளே துருவை உண்டாக்கும். எஞ்சின், கியர்பாக்ஸ் சீல்கள் காய்ந்து வெடித்து, கார் ஓட ஆரம்பித்த பிறகுதான் ஒழுகும். விற்பவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். நின்ற இடத்தில் ஒழுகவில்லை என்பது நிஜம்தான்.

டயரைப் பாருங்கள். பக்கச் சுவரில் தயாரிப்பு வாரமும் வருடமும் எண்ணாக இருக்கும். 2000க்குப் பிறகு வந்த டயர் என்றால் அந்த எண்ணில் நாலு இலக்கம். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது அதற்கு முந்தைய டயர். பார்க்க எவ்வளவு புதுசாக இருந்தாலும் அதில் ஹைவே ஏறக் கூடாது.

பம்பருக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் பட்டைகள் இந்தக் கால கேடிலாக்குகளின் தலைவலி. மெதுவான மோதலில் பம்பர் உள்வாங்கி மறுபடி வெளியே வர வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. அதனால் நடுவில் வளையும் பிளாஸ்டிக் துண்டுகளை வைத்து, உடலின் நிறத்திலேயே பெயின்ட் அடித்தார்கள். நிழலிலேயே நின்ற காரில்கூட அவை காலப்போக்கில் பிஸ்கட் மாதிரி உதிரும். மாற்றுத் துண்டுகள் கிடைக்கின்றன. ஆனால் மாற்றினால் புதுப் பெயின்ட் அடிக்கணும், அடித்தால் 'முழுக்க ஒரிஜினல் பெயின்ட்' என்ற விளம்பர வரி அடிபடும். அதனால் சிலர் உடைந்ததை அப்படியே விட்டுவிடுவார்கள்.

கூரையை ஒரு தடவை இல்லை, மூன்று நாலு தடவை திறந்து மூடச் சொல்லுங்கள். பல வருடம் அசையாத கியரும் கேபிளும் முதல் தடவை ஒத்துழைத்து, மூன்றாவது தடவை பாதியில் நிற்கும். கூடுதல் பணத்துக்கு எலெக்ட்ரானிக் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் பொருத்தி வந்த கார்களும் உண்டு. அதன் உதிரிபாகங்களைத் தேடி அலைய வேண்டியிருக்கும். சாதாரண கார்புரேட்டர் கார் என்றால் பழைய மெக்கானிக் யாராக இருந்தாலும் சமாளித்துவிடுவார்.

அடுத்து, மைல் கணக்கு. இந்தக் காரின் ஓடோமீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999க்குப் பிறகு மறுபடி சைபர். ஆக 3,000 என்று காட்டும் கார் 1,03,000 மைல் ஓடியதாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் 1972 சட்டப்படி ஓடோமீட்டரைத் திருத்துவது குற்றம். ஆனால் இவ்வளவு பழைய காரை விற்கும்போது மைல் கணக்கை உறுதிசெய்து எழுதித்தர வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே பிரேக் பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் ஓரம், பழைய சர்வீஸ் பில்கள் மூன்றும் ஒரே கதையைச் சொல்கிறதா என்று பார்ப்பதே வழி. பெடல் தேய்ந்து மழுங்கியிருந்தால் அது 3,000 மைல் கார் கிடையாது.

'கடைசி 200ல் ஒன்று' என்று சொன்னால் கூடுதல் கவனம் தேவை. வெள்ளையாக வந்த எல்டொராடோக்கள் அந்த இருநூறு மட்டும் இல்லை. ஒரு வெள்ளைக் காரில் கோடு ஒட்டவும் டாஷ்போர்டில் தகடு வைக்கவும் பெரிய திறமை வேண்டாம். காரின் அடையாள எண் 6எல்67 என்று தொடங்கினால் அது எல்டொராடோ கன்வெர்ட்டிபிள்தான் என்பது உறுதியாகும். இருநூறில் ஒன்று என்பது உறுதியாகாது. எஞ்சின் அறைத் தடுப்பில் உள்ள தகட்டில் பெயின்ட், சீட் நிறக் குறியீடுகள் இருக்கும். அவை காரோடு பொருந்தணும். அன்றைய டீலர் பில், விலைச் சீட்டு, கம்பெனியிலிருந்து வந்த கடிதம் என்று காகிதம் கையில் இருந்தால்தான் அந்தக் கூடுதல் விலைக்கு அர்த்தம்.

அப்படியானால் இதை யார்தான் வாங்குகிறார்கள்?

ஓட்ட ஆசைப்படுபவர்கள். இந்தக் காரில் ஒரு விஷயம் உண்மையிலேயே கடைசியாகத்தான் போனது. 1977ல் கேடிலாக் அந்த 8.2 லிட்டர் எஞ்சினைக் கைவிட்டு 7 லிட்டருக்கு இறங்கியது. 1979ல் எல்டொராடோவின் உடலும் சுருங்கியது. எரிபொருள் சிக்கனச் சட்டம் 1975லேயே வந்துவிட்டதால் திரும்பிப் போக வழியில்லை. ஆறு பேர் உட்காரும் 18 அடி நீள அமெரிக்கக் கன்வெர்ட்டிபிளை அதன் பிறகு யாரும் செய்யவில்லை. விளம்பரத்தில் சொல்லாத இந்த 'கடைசி' தான் நிலைத்தது.

அவர்களுக்கு 300 மைல் ஓடிய கார் தேவையே இல்லை. அதை எடுத்து ஒரு கோடை விடுமுறை ஓட்டினாலே, அந்தக் குறைந்த மைலுக்காகக் கொடுத்த கூடுதல் பணம் கரைந்துவிடும். விவரமானவர்கள் 40,000, 50,000 மைல் ஓடி, ஒழுங்காக சர்வீஸ் செய்த, கூரை நன்றாக வேலை செய்யும் காராகப் பார்த்து, பாதி விலைக்கு எடுக்கிறார்கள். 300 மைல் கார் ஒரு காரேஜிலிருந்து இன்னொரு காரேஜுக்கு லாரியில் ஏறிப் போகிறது. அதன் விளம்பரங்களில் இன்றைக்கும் முதல் வரியில் இருப்பது அதே வாசகம்தான்: அமெரிக்காவின் கடைசி கன்வெர்ட்டிபிள்.